எழுச்சியும் சோர்வும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவனேயன்றி வைத்தியன் அல்லேன். மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும், ஒரு நோயைப் பற்றிய அறியாமையினால் நம் வீடுகள் படும் துன்பத்தை எடுத்துச் சொல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. அவ்வுரிமை ஒன்றையே கொண்டு இன்று இருதுருவ மனநோய் பற்றிப் பேச முன்வந்தேன். ஆங்கில வைத்தியர் இதனைப் 'பைப்போலர் டிசோடர்' என்பர்.

உடலில் வரும் நோய்களுக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! சலரோகம் என்கிறோம், தொய்வு என்கிறோம், வாதம் என்கிறோம், பிறசர் என்கிறோம். மனத்தில் வரும் நோய்களுக்கோ ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றோம். 'விசர்' என்பதே அப்பெயர். சண்டையில் ஏசுவதற்கும் அச்சொல்லே, வேடிக்கைக்கும் அச்சொல்லே, நோயாளிக்கும் அச்சொல்லே. அங்கொடை என்னும் ஊர்ப் பெயரைக்கூட நாம் வசைமொழியாக்கிவிட்டோம். அங்குள்ள வைத்தியசாலை 2008ஆம் ஆண்டு முதல் தேசிய மனநல நிறுவகமாகிவிட்டது. நம் நாவிலுள்ள வசை மட்டும் மாறவில்லை. பெயர் தெரியாத நோயை எவர் அடையாளங் காண்பார்? 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் வைத்திய நூல்களும் ஆக்குவித்தார். அத்தகைய மண்ணிற் பிறந்த நாம், மனத்தின் நோய்களையும் தமிழிற் கூச்சமின்றிப் பேசப் பழகுதல் வேண்டாமா?

இனி, இந்நோய் யாது எனப் பார்ப்போம். மனித மனம் ஏறுவதும் இறங்குவதும் இயல்பே. பரீட்சையிற் சித்தியெய்தினால் துள்ளுகின்றோம். உற்றாரை இழந்தால் வாடுகின்றோம். அது நோயன்று. இருதுருவ மனநோயில் இவ்வேற்றமும் இறக்கமும் அளவு கடந்து, நாட்கணக்காக, வாரக்கணக்காக நீடித்து, ஒருவருடைய உறக்கத்தையும் தொழிலையும் உறவையும் குலைத்துவிடுகின்றன. ஒரு துருவம் எழுச்சி. மற்றத் துருவம் சோர்வு. இரண்டுக்குமிடையே அந்த மனிதர் நம் எல்லோரையும் போல நலமாக வாழும் காலங்களும் உண்டு. இந்த இடைக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதைப் பற்றியே மிகுதியாகப் பேசப்போகின்றேன்.

சோர்வு நிலையை நாம் ஓரளவு அறிவோம். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டு கிடக்கும். விரும்பிய பாட்டும் விரும்பிய உணவும் சுவையற்றுப் போகும். சிலர் உறங்காது தவிப்பர். சிலர் எழும்பாது கிடப்பர். பேச்சும் நடையும் மந்தமாகும். செய்யாத பிழைக்கெல்லாம் தம்மையே நொந்துகொள்வர். 'நான் இருந்து என்ன பயன்' என்னும் எண்ணம் வந்து வந்து போகும்.

எழுச்சி நிலையையோ நாம் நோயென்றே எண்ணுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பே இராது. பேச்சு வெள்ளம் போற் பெருகும். ஒரு பொருளினின்று மறுபொருளுக்குத் தாவும். தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற துணிவு பிறக்கும். கையிலுள்ள பணமும், கையில் இல்லாத பணமும் செலவாகும். யாராவது தடுத்தாற் சீற்றம் பொங்கும். வழக்கத்திலே அடக்கமானவர் வரம்பு மீறி நடப்பார். இவ்வாறு ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது அதற்கு முன்னரே வைத்தியசாலையில் அனுமதிக்கும் அளவுக்கு முற்றினால், வைத்தியர்கள் அதனை 'மேனியா' என்பர். இதன் இளைய வடிவம் நான்கு நாள் அளவிலும் தோன்றும். வேலையை முற்றாகக் குலைக்காது. அதனாலேயே அது கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. 'பெடியன் உற்சாகமாக இருக்கிறான்' என்று நாமும் மகிழ்ந்துவிடுகின்றோம்.

எழுச்சி முற்றிய சிலர் தாம் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்பர். இதனை அருள் வந்ததாகக் கொள்வோர் நம்மிடையே உண்டு. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லி வைக்கின்றேன். கோயிலில் உருவேறி ஆடுபவர் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து உண்பார், உறங்குவார், மறுநாள் தோட்டத்துக்குப் போவார். பல இரவுகள் உறங்காது, நாளுக்கு நாள் வேகம் ஏறி, வீட்டைத் தலைகீழாக்குபவர்க்கு வேண்டியது வைத்தியம். இரண்டு துருவமும் ஒருங்கே கலந்து வரும் நிலையும் உண்டு. சோர்வின் துயரமும் எழுச்சியின் வேகமும் ஒரே நேரத்தில் நிற்பதால் அது மிக ஆபத்தானது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். ஆணென்றும் பெண்ணென்றும், படித்தவரென்றும் படியாதவரென்றும் அது பார்ப்பதில்லை. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் முற்பகுதியிலுமே அது தலைகாட்டுகின்றது. அஃதாவது, இங்கே பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் நமது வயதில். பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு. தாய் தந்தையரில் ஒருவர்க்கு இருந்தாற் பிள்ளைக்கு வருதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அதனை மறுபுறமாகவும் படிக்க வேண்டும்: பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது வருவதில்லை.

இந்நோயைப் பற்றி யான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். என் தாயாரின் தம்பி எனக்கு அம்மான். அவருடைய இசைவைப் பெற்றே இதனைச் சொல்கின்றேன். 'சொல்லு மருமகன், ஒருவர்க்காவது உதவட்டும்' என்று அவரே சொல்லியனுப்பினார்.

அம்மானுக்கு இருபத்திரண்டு வயதாயிருக்கும்போது இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வராது கிடந்தாராம். பரீட்சைக் கவலை என்றனர் சிலர். கண்ணூறு என்றனர் சிலர். பின்னர் தானாகவே தேறினார், இரும்புக் கடை வைத்தார், திருமணமும் ஆயிற்று. சில ஆண்டுகள் சென்றபின் ஒருநாள் பஸ் சேவை தொடங்கப்போவதாகச் சொன்னார். இரவிரவாகக் கணக்கெழுதினார். மாமியின் நகைகளை அடைவு வைத்து, ஒரே நாளில் இரண்டு வாகனங்களுக்கு ஒப்பமிட்டார். முதல் வாரத்தில் வீட்டார்க்கு மகிழ்ச்சி. 'இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது' என்றனர். மூன்றாம் வாரத்தில் வழியிற் கண்டவர்க்கெல்லாம் காசு கொடுத்தார். தடுத்த என் பாட்டியார் மேற் பாய்ந்தார். உடனே செய்வினை என்றனர். நூல் கட்டினர், கழிப்புக் கழித்தனர். எழுச்சி வடிந்ததும் சோர்வு வந்தது. இம்முறை சோர்வோடு கடனும் சேர்ந்து வந்தது. ஒரு விடியற்காலையிற் கிணற்றடியில் தனியே நின்றவரைப் பாட்டியார் கைபிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்தார். அன்றே அவரை அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர்.

அங்கே வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, 'இதற்கு முன் எப்போதாவது உறக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்துடன் இருந்தாரா?' என்பதாம். இக்கேள்வியின் அருமையை உணருங்கள். நோயாளிகள் பலர் சோர்வு வந்த காலத்திலேதான் வைத்தியரிடம் போகின்றனர். எழுச்சிக் காலத்தை எவரும் சொல்வதில்லை. அதனை நோயென்று நினைத்தாலன்றோ சொல்வர்! ஆதலால் வெறும் மனச்சோர்வுக்கான மருந்து மட்டும் கொடுக்கப்பட, அதுவே சிலரைத் திரும்பவும் எழுச்சிக்குத் தள்ளிவிடுவதுண்டு. வைத்தியரிடம் போகும்போது இரண்டு துருவத்தையும் சொல்லுங்கள். தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும், சில மருந்துகளும், போதைப் பொருள்களும் இதே குறிகளைக் காட்டக்கூடும். அதனாலேயே இரத்தப் பரிசோதனையும் செய்கின்றனர்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். அதன் வரலாறு ஒரு கதை போன்றது. அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் என்பவர் இரண்டாம் உலகப் போரிற் சிங்கப்பூர் சாங்கி முகாமில் யப்பானியரின் கைதியாக இருந்தவர். விடுதலையானபின் மெல்போன் நகரத்து மனநல வைத்தியசாலை ஒன்றில், பாவனையற்றுக் கிடந்த ஒரு சமையலறையை ஆய்வுகூடமாக்கி, கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ந்தார். இலிதியம் என்னும் எளிய உலோகத்தின் உப்பு அவற்றைச் சாந்தப்படுத்தக் கண்டார். முதலில் தாமே அதனை உட்கொண்டு பார்த்தார். பின்னர் எழுச்சி நோயாளர் பத்துப் பேர்க்குக் கொடுத்து, 1949இல் அதன் பயனை வெளியிட்டார்.

அப்பத்துப் பேரில் முதலாமவர் ஐம்பத்தொரு வயதினர். ஐந்து ஆண்டுகளாக எழுச்சி அடங்காது விடுதியிற் கிடந்தவர். 1948 மார்ச்சில் மருந்து தொடங்கிற்று. சில வாரங்களில் அடங்கினார். சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய தொழிலையும் ஏற்றார். அடுத்து நடந்ததுதான் இன்று யான் சொல்ல வந்த செய்தி. சுகமடைந்த அவர் மருந்தை நிறுத்திவிட்டார். ஆறு மாதத்துக்குள் மறுபடியும் அதே விடுதிக்கு வந்து சேர்ந்தார். மீண்டும் மருந்து கொடுக்க மீண்டும் தேறினார். ஆனால் இரத்தத்தில் இலிதியத்தின் அளவை அறியும் வசதி அக்காலத்தில் அவர்களுக்கு இருக்கவில்லை. ஈற்றில் 1950இல் அம்மருந்தின் நஞ்சினாலேயே அவர் இறந்தார். பிற்காலத்தில் டென்மார்க்கு நாட்டு மோகன்ஸ் ஷோ முதலியோர் இம்மருந்தை முறையாக ஆராய்ந்தனர். இரத்தத்தில் அளவு பார்க்கும் முறையும் வந்தது. அமெரிக்கா 1970இல் அதனை அங்கீகரித்தது. இன்றும் இந்நோய்க்கு முதல்வரிசை மருந்துகளுள் ஒன்று இலிதியமே.

முதல் நோயாளியின் வாழ்விலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கலாம். ஒன்று, சுகமாயிருக்கிறது என்று மருந்தை நிறுத்தலாகாது. மற்றொன்று, அளவு பாராது மருந்தை உட்கொள்ளலாகாது.

முதலாவதை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் விட்டாற் பனடோலை நிறுத்துகின்றோம், அது சரியே. சலரோகத்துக்கு அவ்வாறு செய்வதில்லை. 'சீனி இப்போது குறைந்துவிட்டது' என்று மருந்தை எறிந்தால் என்னவாகும் என்பதை ஊரே அறியும். இருதுருவ மனநோயும் அத்தகையதே. நோயாளி நலமாயிருக்கும் அந்த இடைக்காலமே மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் காலம். என் அம்மானும் இரண்டு ஆண்டு சுகமாயிருந்து, 'இனி எதற்கு?' என்று ஒரு தைப்பொங்கலோடு நிறுத்தினார். சித்திரை வருவதற்குள் மறுபடியும் விடுதியில் இருந்தார். அதன்பின் பதினொரு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாது மருந்து எடுக்கின்றார். கடன் தீர்ந்தது, மாமியின் நகைகளும் மீண்டன, இரும்புக் கடை இன்றும் நடக்கின்றது.

இரண்டாவது, அளவு. இலிதியம் எடுப்பவர்க்குக் குறித்த காலத்துக்கொருமுறை, கடைசியாக மருந்தெடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பர். நீண்டகாலப் பாதுகாப்புக்குப் பொதுவாக இலீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்க வேண்டுமென்பர். குறைந்தாற் பயனில்லை, கூடினால் நஞ்சு. சிறுநீரகத்தையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் அவ்வாறே பரிசோதிப்பர். கை பலமாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குழறல் என்பன கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும்.

நம் வழக்கங்களுடன் தொடர்புடைய மூன்று செய்திகளை இங்கு சொல்ல வேண்டும். உடலில் நீர் வற்றினாலும், உணவில் உப்பைத் திடீரெனக் குறைத்தாலும் இரத்தத்தில் இலிதியம் ஏறிவிடும். ஆதலால் கந்தசட்டி போன்ற கடும் விரதங்களை, அதிலும் நீர் அருந்தா விரதத்தை, வைத்தியரைக் கேளாது நோற்றலாகாது. உறக்கம் கெடுதல் எழுச்சியைத் தூண்டும். எனவே சிவராத்திரியில் இரா முழுவதும் கண்விழித்தலும் இவர்க்கு ஆகாது. மூட்டுவலிக்குப் பாமசியில் தாமாக வாங்கும் டைக்குளோபெனக், இபுபுறோபன் முதலிய மாத்திரைகளும் இலிதியத்தின் அளவை ஏற்றக்கூடியவை.

இலிதியம் ஒத்துவராதவர்க்கு வேறு மருந்துகள் உள. வல்புறோயேற்று, லமோற்றிஜின், குவெற்றியப்பீன், ஒலன்சப்பீன் என்பன சில. இவற்றுள் வல்புறோயேற்று கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்யவல்லது. எனவே பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் அதனைத் தவிர்த்தல் வேண்டும். மகப்பேற்றை அடுத்த வாரங்களில் இந்நோய் திரும்பும் அபாயமும் அதிகம். கருத்தரிக்க எண்ணும்போதே வைத்தியருடன் ஆலோசிக்க வேண்டும். ஒருபோதும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. 'கரண்ட் வைத்தல்' என்று நாம் அஞ்சும் சிகிச்சையும் இன்று மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகின்றது. கடுஞ்சோர்விலும், மருந்துக்கு அடங்கா எழுச்சியிலும் அது உயிர்காக்கும் சிகிச்சையாக அமைவதுண்டு. மருந்தோடு உளவளத்துணையும், ஒழுங்கான உறக்கமும், மது கஞ்சா முதலியவற்றை அறவே விலக்கலும் சேர்ந்தாலே சிகிச்சை முழுமையாகும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு பகுதியாகக் கூறுகின்றது: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நாலாமவராகிய அவர்தாம் நீங்களும் யானும். அவர் செய்யத்தக்கவை எவை?

நோயாளி நலமாயிருக்கும் காலத்திலேயே அவருடன் அமர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். அவர்க்கு எழுச்சி வரும்போது முதலிற் தோன்றும் குறி எது, யார் அதனை அவர்க்குச் சொல்வது, வங்கிப் புத்தகமும் நகையும் யாரிடம் இருப்பது, எந்த வைத்தியரிடம் போவது என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. இரண்டு இரவு தொடர்ந்து உறக்கம் குறைந்தால் அம்மான் தாமே கடைத் திறப்பை மாமியிடம் கொடுத்துவிடுவார்.

சோர்விற் கிடப்பவர் சாவைப் பற்றிச் சாடையாகப் பேசினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்க ஒருவர் உண்டென்ற ஆறுதலே உண்டாகும். அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்து நஞ்சு மருந்துகளைப் பூட்டி வையுங்கள். தற்கொலைக்கு முயலுதல் 1998ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் குற்றமன்று. எனவே சட்டத்துக்கு அஞ்சி எவரும் வைத்தியசாலைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு வீட்டில் இந்நோய் உண்டென்று தெரிந்தவுடன், சம்பந்தம் பேசுமிடத்தில் அவ்வீட்டின் பெண்களையும் பிள்ளைகளையும் நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அதற்கஞ்சியே வீட்டார் நோயை மறைக்கின்றனர். மறைக்கவேண்டி மருந்தைக் கைவிடுகின்றனர். மருந்தைக் கைவிட்டதால் நோய் திரும்புகின்றது. திரும்பியபின், 'பார்த்தீர்களா, இது மாறாத விசர்' என்று நாமே சொல்கின்றோம். இவ்வட்டத்தை முறிக்க மருந்தினால் இயலாது, நம்மாலேயே இயலும். நேர்த்தி வைப்பதையும் அருச்சனை செய்வதையும் யான் வேண்டாமென்று சொல்லவில்லை. என் பாட்டியார் இன்றும் வெள்ளிதோறும் மகனுக்காக விளக்கேற்றுகின்றார். ஏற்றிவிட்டு வந்து, 'தம்பி, குளிசை போட்டாயா?' என்றும் கேட்கின்றார். அவ்விரண்டும் ஒரு வீட்டில் ஒருங்கே இருக்கலாம்.

நண்பர்களே, நம் சங்கம் ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடத்துகின்றது. அவ்வாறே ஆண்டுக்கொருமுறை ஒரு மனநல வைத்தியரை இம்மண்டபத்துக்கு அழைத்து, ஊரார் அச்சமின்றிக் கேள்வி கேட்க வகை செய்வோம் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன். நம் தோழன் ஒருவன் பல நாள் வராதிருந்தால் வீட்டுக்குப் போய் விசாரிப்போம். மற்றொருவன் உறக்கமின்றி ஓடித்திரிந்தால் அவனுக்குக் கைதட்டி உற்சாகமூட்டுவதை நிறுத்தி, அவன் வீட்டாரிடம் தனியே பேசுவோம். சிகிச்சை பெற்றுத் திரும்பியவனை, காய்ச்சலிலிருந்து எழுந்தவனை வரவேற்பது போல வரவேற்று, அவனுக்குரிய வேலையை அவனிடமே ஒப்படைப்போம்.